ஜோடி வாத்து

எண்ணூர்க் கழியில் ஓதம் வடிந்து, சாம்பல் நிறச் சேற்றில் காலை வெயில் பட்டுக் கண் கூசுகிறது. அலையாத்திப் புதருக்குப் பின்னால் தேசிங்கு நாட்டுத் துப்பாக்கியைச் செங்குத்தாக நிறுத்தி, குழாய் வாயில் கரிமருந்தைக் கொட்டுகிறான். தேங்காய் நாரைத் திணித்து இரும்புக் கம்பியால் நிதானமாக இடிக்கிறான். ஒரு தடவை சுட்டுவிட்டால் மறுபடி கெட்டிக்க இவ்வளவு நேரம் ஆகிறது. முதலில் சுட்டதில் விழுந்த பெட்டை வாத்து அவன் மனைவி சுகந்தியின் மடியில் கிடக்கிறது. ஒரு சிறகு முறிந்து தொங்குகிறது. சூடான ரத்தம் புடவையில் ஊறுகிறது. மேலே அதன் ஜோடி, போக மனமில்லாமல் வட்டமடிக்கிறது.

“கழுத்தத் திருகிடுய்யா. துடிக்குது பாரு,” என்கிறாள் சுகந்தி.

“செத்தா கத்துமா? இது கத்தினாத்தான் அது எறங்கும். ஒடிஞ்ச றெக்கைய அமுக்கு.”

“என்னால ஆவாது.”

தேசிங்கு நிமிர்ந்து பார்க்கவில்லை. “போன வாரம் தட்டுல போட்டப்ப துன்ன இல்ல? அதுவும் இப்டித்தான் கத்திக்கினு இருந்துச்சி.”

ஈயக் குண்டுகளைப் போட்டு, மேலே மறுபடி நார் வைத்து இடிக்கிறான். மணலிச் சாலையில் ஒரு டேங்கர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போகிறது. அந்தச் சத்தம் அடங்கியதும் சுகந்தி முறிந்த எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்துகிறாள். வாத்து கத்துகிறது. வட்டம் சிறுத்துச் சிறுத்து, ஆண் வாத்து கால்களை நீட்டியபடி சேற்றில் இறங்குகிறது. கழுத்தை உயர்த்திப் பதில் குரல் கொடுக்கிறது.

தேசிங்கு துப்பாக்கியின் குதிரையைப் பின்னுக்கு இழுத்து நிறுத்துகிறான். “இன்னும் கிட்ட வரட்டும்,” என்கிறான் மெதுவாக.

அவன் சொல்லாமலே சுகந்தி மறுபடியும் அழுத்துகிறாள்.