கண்ணாடிக்கு வெளியே கைகள்

குறைமாதக் குழந்தைகளின் அறைவாசலில், குழாயடியில், அவள் இரண்டு கைகளையும் நர்ஸ் அக்காவிடம் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். ஜன்னலில் பனிக்காலத்து வெளிச்சம் தண்ணீர் கலந்த பாலாக வெளிறிக் கிடக்கிறது. உள்ளே, கண்ணாடிப் பெட்டிக்குள், அவள் மகள் ஒரு கைக்குட்டைக்குள் அடங்கிவிடுகிற அளவில் படுத்திருக்கிறாள். பெட்டியின் பக்கவாட்டில் கை நுழைக்க ஒரு வட்டத் துவாரம். இன்றைக்குத்தான் முதன்முதலாகத் தொடலாம் என்று சொல்லியிருந்தார்கள். நர்ஸ் அக்கா அவள் விரல்களைத் திருப்பிப் பார்க்கிறாள். தோல் உப்புத்தாளாகச் சொரசொரக்கிறது. விரல் மடிப்பெல்லாம் வெடிப்பு. ஒன்றில் ரத்தம் துளிர்த்திருக்கிறது. “எத்தனை தடவைம்மா சோப்பு போட்டே?” “கணக்கே இல்லக்கா. கிருமி போகணும்ல.” “இந்தக் குளிர்ல, அதுவும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர்ல கழுவினா தோல் பிளக்காம என்ன பண்ணும்? ஈரம் காயறதுக்குள்ள கிரீம் தடவுன்னு சொன்னேனே!” “அந்தப் பிசுபிசுப்புல கிருமி ஒட்டிக்குமோன்னு பயமா இருந்துச்சு.” அரண்டவளுக்குத் தொட்டதெல்லாம் கிருமி. “வெடிப்புலதாம்மா கிருமி குடியிருக்கும். ஆறட்டும். இன்னைக்கு உன் வீட்டுக்காரர் தொடட்டும்.” கிரீம் டியூபை அவள் கையில் திணித்துவிட்டு நர்ஸ் அக்கா பக்கத்தில் நின்ற அவள் கணவனை உள்ளே கூட்டிப்போகிறாள். “ஏங்க, நல்லாக் கழுவினீங்களா?” அவள் குரல் மூடிய கண்ணாடிக் கதவில் மோதி நின்றுவிடுகிறது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நூல் போன்ற விரல்கள் அவன் சுண்டுவிரலைப் பற்றுகின்றன. இந்தப் பக்கம், டியூபின் மூடி திறக்கப்படவே இல்லை. கண்ணை மகளிடமிருந்து எடுக்காமல், அவள் மறுபடி வெந்நீர்க் குழாயைத் திருகுகிறாள்.