கொம்பில் ஒரு துணி

“இது மாடு இல்ல டாக்டரம்மா. செய்வினை!”

கொட்டகைக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டே சொன்னார் தங்கதுரை. இடது தொடையில் பெரிய கட்டு.

கால்நடை டாக்டர் கமலா உள்ளே எட்டிப் பார்த்தார். மூலையில் ஒரு செவலைப் பசு மூச்சு வாங்கியபடி நின்றது. நெற்றி நிறையக் குங்குமம். கழுத்தில் எலுமிச்சை மாலை, மூன்று தாயத்து.

“எங்க வாங்கினீங்க?”

“கரியாலூர்ல, மலைக்காரங்க கிட்ட. எட்டு நாள் ஆவுது. வண்டியில இருந்து எறக்கறப்பவே பார்த்தேன், கொம்புல ஒரு அழுக்குத் துணி. சும்மாவா கட்டுவாங்க? மந்திரிச்சித்தான் கட்டியிருக்காங்க. அப்பவே அவுத்துக் கொளுத்திட்டேன்.”

“அப்புறம்?”

“அன்னைக்கே முட்ட ஆரம்பிச்சிடுச்சி. மொளகா சுத்திப் போட்டேன், ஜாஸ்தியாச்சி. கற்பூரம் காட்டினேன், கயித்த அறுத்துக்கினு வந்துது. பூசாரிய கூட்டியாந்து உடுக்கை அடிக்கச் சொன்னேன்...”

“அடிச்சாரா?”

“அவரு உடுக்கைய அடிச்சாரு. மாடு அவர அடிச்சுது.”

அவர் மனைவி பூமாலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “வேலி தாண்டி ஓடினாரு டாக்டரம்மா. தட்சணை கூட வாங்கல.”

“சிரி, நல்லா சிரி. நாளைக்கு அடிமாட்டு லாரி வருது. ஏத்திவுட்டுடுவேன்.”

பூமாலையின் சிரிப்பு நின்றது.

“ஐயா, அதோட கண்ணைப் பாருங்க,” என்றார் கமலா. “வெள்ளை தெரியுது. காது பின்னால மடங்கியிருக்கு. சாணி தண்ணியாப் போவுது. இது கோவம் இல்ல, பயம்.”

“இவ்ளோ பெரிய உடம்ப வச்சிக்கினு பயமா?”

“பயந்தா உடம்புல ஒண்ணு சுரக்கும். கோவம் வந்தாலும் அதேதான் சுரக்குது. ஓட எடம் இருந்தா ஓடிடும். நீங்க கட்டிப் போட்டு, மூஞ்சிக்கு எதிர்ல நெருப்பக் காட்டினா, முட்டாம இன்னா பண்ணும்?”

தங்கதுரை நம்பவில்லை. “அப்ப அந்தத் துணி?”

“அத வித்தவங்களத்தான் கேக்கணும்.”

“நான் காலையிலயே போன் பண்ணிட்டேங்க,” என்றாள் பூமாலை, தரையைப் பார்த்தபடி.

“யாரைக் கேட்டு?”

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் ஒருத்தி வந்து நின்றாள். மாட்டை விற்ற சாலம்மாள். மலையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். யாரிடமும் ஒன்றும் கேட்காமல் நேரே கொட்டகைக்குள் போனாள்.

“போவாதம்மா! கொடல உருவிடும்!” கத்தினார் தங்கதுரை.

பசு அவள் சேலையை மோந்தது. நீளமாக ஒரு மூச்சு விட்டது. பிறகு அவள் கையை நக்கத் தொடங்கியது.

“இன்னா அக்கா, எலுமிச்சங்கா மாலையெல்லாம் போட்டு, இதுக்குக் கல்யாணமா?” என்றபடி மாலையைக் கழற்றினாள் சாலம்மாள். “நான் கட்டிவுட்ட துணி எங்க? வேற வூட்டுக்குப் போற மாட்டுக்கு, வளத்தவ சேலையில ஒரு துண்டு கிழிச்சிக் கட்டிவுடுவோம். அந்த வாசனை இருந்தா பயப்படாது. பத்து நாள்ல பழகிடும்.”

தங்கதுரை ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

பூமாலைதான் முந்திக்கொண்டாள். “தொவச்சிக் காயப் போட்டேன். காத்துல எங்கியோ பறந்துடுச்சி.”

“பொய் சொல்லாத,” என்றார் தங்கதுரை. குரல் இறங்கியிருந்தது. “நான்தாம்மா கொளுத்தினேன். மலைக்காரங்க ஏதோ வச்சி வுட்டுட்டாங்கன்னு பயந்துட்டேன். லாரிக்காரன வர வேணாம்னு சொல்லிடறேன்.”

சாலம்மாள் அவரையே பார்த்தாள். கட்டியிருந்த சேலையின் ஓரத்தை நீளமாகக் கிழித்துக் கொம்பில் கட்டினாள். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“இதுக்கா அண்ணா தலையக் குனியறீங்க? மாடு பாக்க வந்தப்ப எங்க புள்ளைங்களுக்கு ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கியாந்து குடுத்தீங்களே... கீழ ஊருக்காரங்க அதுல இன்னா வச்சிருக்காங்களோன்னு, ஒரு வாய் திங்கவுடாம அப்படியே ஓடையில கொட்டினவதான் நானு!”