ஜின்சாய்

ராசம்மா காறித் துப்பியது கேஷானியின் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது.

"குடும்பமே தொரைக்குத்தான் ஒழைக்குது. இப்ப வாயையும் வாடகைக்கு விட்டுட்டா."

சுற்றி நின்றவர்கள் யாரும் அவளை அடக்கவில்லை. சரிந்து வந்த மலை, தொழிலாளர் குடியிருந்த லயத்தை மூடியபோது ராசம்மாவின் மகளும் உள்ளேதான் இருந்தாள்.

அந்த மண்மேட்டின் மேல் நின்றுதான் தேயிலைத் தோட்டத்தை நடத்தும் துரை பேசிக்கொண்டிருந்தார். பாதிக்கப்பட்டவர்களுக்கு வீடு கட்டித் தரலாமா என்று பார்க்க ஜப்பானிலிருந்து மொரிதா அம்மையார் வந்திருந்தார். துரை ஆங்கிலத்தில் சொல்வதை ஜப்பானிய மொழியில் சொல்ல, அப்புத்தளையிலிருந்து கேஷானியை வரவழைத்திருந்தார்கள். ஒசாக்காவில் முதியவர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போய் அந்த மொழியைக் கற்றுக்கொண்டு வந்தவள். பிறந்தது இதே தோட்டத்தில்.

"நேச்சுரல் டிசாஸ்டர்," என்று துரை வானத்தைக் கையால் காட்டினார்.

கேஷானி மலையை நிமிர்ந்து பார்த்தாள்.

ஜப்பானியர்கள் அதை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தென்சாய் என்றால் வானம் கொண்டுவந்த கேடு. ஜின்சாய் என்றால் மனிதன் கொண்டுவந்தது.

மேலே, சுற்றுலா விடுதிக்குப் பாதை போடுவதற்காக மலையின் இடுப்பை வெட்டிய இடம் இன்னும் சிவப்பாகத் தெரிந்தது. அங்கே வெட்ட வேண்டாம் என்று கேட்கப் போன லயத்து ஆட்களைத் துரை ஆபீஸ் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருந்தார்.

"ஜின்சாய்," என்றாள் கேஷானி.

மொரிதா சட்டென்று நிமிர்ந்தார். மறுபடி சொல்லச் சொன்னார். கேஷானி மறுபடியும் அதையே சொன்னாள். அந்த அம்மையார் வெட்டுப்பட்ட மலையைப் பார்த்தார். துரையைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"என்னடி கேக்குது அந்தம்மா? எங்களுக்கும் சொல்லு!" ராசம்மா கத்தினாள்.

துரைக்குத் தமிழ் நன்றாகவே விளங்கும். கேஷானி அவர் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"இதுக்கு யாரு காரணம்னு கேக்குறாங்க."

துரையின் முகம் கறுத்தது.

கூட்டத்தின் கண்கள் எல்லாம் அவர் மேல் போய் நிற்பதைக் கேஷானி கண்டாள். சொல்லுங்க, இப்பவாவது சொல்லுங்க என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அந்தக் கண்கள் தாழ்ந்தன. விடிந்தால் ஆளுக்கு வேலை பிரிக்கும் பெரட்டில் வேலை கேட்டு அவர் முன்னால்தான் போய் நிற்க வேண்டும்.

ராசம்மா கையை நீட்டினாள். துரையை நோக்கியல்ல. கூட்டத்துக்கு அப்பால் தலையை மூடிக்கொண்டு தனியாக நின்ற ஒருவனை நோக்கி. பின்னாலேயே இன்னொரு கை நீண்டது. பிறகு எல்லாக் கைகளும்.

மலையை வெட்டிய பெக்கோ இயந்திரத்தை ஓட்டிய ஜீவராஜ் அவன்.

துரை நீளமாக மூச்சுவிட்டார். ஓட்டினவனின் பிழைதான், அதையும் சொல்லுங்கள் மிஸ் என்றார்.

ஜீவராஜ் ஓடவில்லை. கேஷானியை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் மொரிதாவிடம் திரும்பி ஜப்பானிய மொழியில் சொன்னாள். வெட்டியது அவன்தான். மண் நிற்காது என்று தெரிந்தும் வெட்டினான். வெட்டாவிட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். அப்படிச் சொன்னவர் இதோ என் பக்கத்தில் நிற்கிறார். அவரைக் காட்ட இங்கே ஒரு கைக்கும் துணிவில்லை.

ஒரு சொல்லும் விளங்காத துரை, ரொம்பச் சரி என்பதுபோல் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மொரிதா தலையாட்டவில்லை. அவனை உனக்குத் தெரியுமா என்று தணிந்த குரலில் கேட்டார்.

ஜப்பானிய மொழியில் அடுத்தவர் வீட்டுத் தம்பிக்கு ஒரு சொல். தன் கூடப் பிறந்த தம்பிக்கு வேறொரு சொல்.

கேஷானி இரண்டாவதைச் சொன்னாள்.