சாக்லேட் மாளிகையில் ஏட்டு

ஏட்டு சுப்பராயனுக்கு அன்று லீவு. ஆனால் அவர் கண்ணுக்கு மட்டும் யாரும் லீவு கொடுத்ததில்லை.

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய கிடங்குக்கு வெள்ளையடித்து, கலர் காகிதத் தோரணம் கட்டி, ‘சாக்லேட் மாளிகை. உங்கள் கையாலேயே செய்து பாருங்கள்!’ என்று போர்டு மாட்டியிருந்தார்கள். அறுபத்தொன்பதாம் வருஷம். ராயபுரத்துக்காரனுக்குச் சாக்லேட் என்பது, கப்பல்காரன் எவனாவது மனமிரங்கிக் கொடுத்தால்தான் உண்டு. கேட்க வேண்டுமா? கிடங்கு நிரம்பி வழிந்தது.

மற்றவர்கள் டிக்கெட் வாங்கினார்கள். ஏட்டு மீசையைக் காட்டினார்.

உள்ளே நுழையும் இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்து, எல்லோருடைய மோதிரம், வளையல், கைக்கடிகாரங்களையும் கழற்றி வாங்கித் தகரப் பெட்டியில் போட்டாள். “பாகு ஒட்டிக்கிச்சின்னா நகை பாழாயிடும். போகும்போது வாங்கிக்கலாம்.”

ஏட்டின் மனைவி ஆவுடையம்மாள் கையை இழுத்துக்கொண்டாள். “ஏங்க, எங்கம்மா போட்ட வளையலுங்க...”

“போலீஸ்காரன் பொண்டாட்டி வளையலை எவன்டி தொடுவான்? கழட்டு.”

கழற்றினாள். ஏட்டும் கல்யாண மோதிரத்தைக் கழற்றிப் போட்டார்.

நீள மேஜைகளில் கொழகொழவென்று பழுப்பு நிறப் பாகு. கோக்கோ வாசனை கொஞ்சம், வெல்ல வாசனை நிறைய. ராயபுரமே முழங்கை வரை அதில் இறங்கிப் பிசைந்துகொண்டிருந்தது.

“நல்லா இழுங்க! இழுக்க இழுக்கத்தான் ருசி!” அந்தப் புழுக்கத்திலும் கோட்டு போட்டுக்கொண்டு மேடையேறிக் கத்தினார் முதலாளி வால்டர். ஊட்டியிலிருந்து வந்தவராம். இங்கிலீஷ்காரத் தோரணை. வாசலில் நிரம்பிய நகைப்பெட்டி இப்போது அவருக்குப் பக்கத்திலேயே, எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தது.

அப்போதுதான் ஏட்டு அவனைப் பார்த்தார்.

‘பிளேடு’ ஜெயவேல்! திருவொற்றியூர் பஸ்ஸில் பர்ஸ் அறுத்தவன். ஏட்டு கையாலேயே இரண்டு தடவை உள்ளே போனவன். கல்யாணத்துக்கப்புறம் திருந்திவிட்டானாம், துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறானாம். ஏட்டு அதை நம்பவில்லை. இன்றைக்கு முழுகாமல் இருக்கும் பெண்டாட்டி மலர்க்கொடியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தான்.

அவன் பாகைப் பிசையவில்லை. கண் மேடையை விட்டு நகரவில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது.

“வூட்டுக்குப் போலாம் வா,” என்று பெண்டாட்டியிடம் முணுமுணுத்தான்.

“இன்னாய்யா, இப்பதானே வந்தோம்? எனக்கு ஆசையா கீது!”

வால்டரும் கவனித்துவிட்டார் போலிருக்கிறது. மேடையிலிருந்து இறங்கி நேரே ஏட்டிடம் வந்து காதோடு சொன்னார். “சார், அந்தச் சிவப்புச் சட்டை ஆசாமி பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்கிறான். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.”

ஏட்டுக்கு லீவு நாள் இனித்தது. “பழைய கேடி சார் அவன். நான் இருக்கறப்போ நீங்க எதுக்குப் பயப்படறீங்க?”

“பெட்டியைப் பின்னால் ஆபீஸ் ரூமில் வைத்துப் பூட்டிவிடட்டுமா?”

“அதான் புத்திசாலித்தனம். அந்தப் பொண்ணையும் துணைக்குக் கூட்டிக்குங்க. இவனை நான் பாத்துக்கறேன்.”

வால்டர் பெட்டியைத் தூக்கியதைப் பார்த்ததும் ஜெயவேல் துள்ளிக்கொண்டு ஏட்டிடம் ஓடிவந்தான். “ஏட்டய்யா! ஏட்டய்யா! ஒரு விசயம்...”

“பொட்டி கைநழுவிப் போவுதேன்னு வயிறு எரியுதாடா?”

“அதில்ல அய்யா, அந்த ஆளு...”

“வாயைத் தொறந்தே, பல்லு இருக்காது!” என்ற ஏட்டு, தன் கையிலிருந்த பாகு உருண்டையை அப்படியே அவன் வாயில் திணித்தார். எலுமிச்சம்பழ அளவு. மேல் தாடையும் கீழ்த் தாடையும் ஒட்டிக்கொண்டன. ஜெயவேல் “ம்ம்! ம்ம்ம்!” என்று பின்பக்கக் கதவைக் காட்டினான். ஓடப் பார்த்தான். ஏட்டு சட்டைக் காலரைப் பிடித்தார். பாகுக் கை அதோடு ஒட்டிக்கொண்டது.

“யாரும் நகரக் கூடாது!” என்று அதட்டினார். கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் ஒருவர், “ராயபுரத்துக்கு உங்களை மாதிரி நாலு பேரு வேணும் சார்!” என்றார். ஆவுடையம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை.

மலர்க்கொடி அழுதாள். “அய்யா, என் வளையலும் அந்தப் பொட்டிலதான் கீது. மூட்டை தூக்கி வாங்கிக் குடுத்தது. அத்த இந்த ஆளே திருடுவாரா?”

“இவன் அதையும் செய்வாம்மா,” என்றார் ஏட்டு.

பின்பக்கத்தில் ஒரு டாக்சி கிளம்பும் சத்தம் கேட்டது. யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஏட்டு கூட்டத்துக்குப் பழைய கேஸ் ஒன்றை விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெயவேல் கண்ணில் நீர் வழிய மென்றான், மென்றான், மென்றுகொண்டே இருந்தான். ஒருவழியாக உருண்டை தொண்டைக்குள் இறங்கியது.

“இப்ப சொல்லுடா,” என்றார் ஏட்டு தாராளமாக. “பொட்டியை எதுக்கு அப்படி மொறைச்சுப் பாத்தே?”

ஜெயவேல் மூச்சு வாங்கினான்.

“பொட்டிய எவன் பாத்தான் ஏட்டய்யா? தூக்கிகினு போனாரே, அவரைத்தான் பாத்தேன். வேலூர் ஜெயில்ல எனக்குத் தொழில் கத்துக் குடுத்த வாத்தியாரு அவரு!”