ஒட்டுப்போடும் இடம்

பொங்கியண்ணனுக்கு மறுநாள் இருதய ஆபரேஷன். அதற்குள் மகன்கள் இருவரோடும் ஒரு படம் வேண்டும் என்றார். காடு தோட்டத்தைப் பாகம் பிரித்ததிலிருந்து பேசிக்கொள்ளாத மகன்கள் கூடத்தின் ஆளுக்கொரு கோடியில் போய் நின்றார்கள். அவ்வளவு அகலம் ஒரே படத்தில் அடங்காது. மூத்தவர் பக்கம் ஜன்னல் வெயில் கண்ணைப் பறித்தது, இளையவர் பக்கம் ஒரே இருட்டு. கேமராவைத் திருப்பி இரண்டு பாதிகளாக, ஒவ்வொரு பாதியையும் வெளிச்சம் கூட்டியும் குறைத்தும் மூன்று தடவை எடுத்தேன். இரண்டு பாதியிலும் வருகிறவர், அவற்றை ஒட்டுப்போடும் இடம், நடு நாற்காலியில் இருந்த பெரியவர்தான்.

"அசையவே கூடாதுங்கய்யா."

"கல்லாட்டம் இருக்கறேன் கண்ணு."

எடுத்து முடித்ததும் பெரியவர் இருமிக்கொண்டே உள்ளறைக்குப் படுக்கப் போனார். கூடத்திலேயே லேப்டாப்பில் ஒட்டிப் பார்த்தேன். அவர் முகம் மட்டும் கலங்கித் தெரிந்தது. ஒரு பாதியில் மூத்தவரைப் பார்த்திருக்கிறார், மற்றதில் இளையவரை. எனக்கு எரிச்சலாக வந்தது.

"ஏதாச்சும் ஒரு மொகத்தத்தான் வெக்க முடியுமுங்க. எதை அழிக்கட்டும்?"

மகன்கள் இருவரும் என் முதுகுக்குப் பின்னால் தோள் இடிக்கக் குனிந்து பார்த்தார்கள். அதுவரை விடாமல் இருமிக்கொண்டிருந்த பெரியவர், உள்ளறையில் காதைத் தீட்டிக்கொண்டு இருமலை அடக்கிக்கொண்டார்.