இடம் மாறாத எறும்புகள்

"எறும்பெல்லாம் புதுப் பெட்டிக்குப் போயிடுச்சாப்பா?" வீட்டில் விட்டுவந்த தன் வளர்ப்பு எறும்புகளைப் பற்றி, புனே ஹாஸ்டலிலிருந்து சாஹித்யா வீடியோ காலில் கேட்டாள்.

"நக்கோன்னு அடம் பிடிக்குதும்மா. ராணி நகரவே மாட்டேங்குது," என்றார் அல்வால் வீட்டில் தனியாக இருக்கும் அப்பா.

"பழைய டெஸ்ட் ட்யூப்ப வெளிச்சத்துல வைங்க. புதுப் பெட்டிய இருட்டா மூடுங்க."

"ஹவ்மா, அப்படியே செய்யறேன். நீ எட்டாவது படிக்கிறப்ப மழையில நனைஞ்சு பிடிச்ச ராணியாச்சே. உன் பிடிவாதம்தான் அதுக்கும்."

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசிக்கொண்டிருந்தவள், எறும்புகளுக்காக ஒன்பது நாளாகத் தினமும் கூப்பிடுகிறாள்.

குக்கர் விசில் அடித்தது. அப்பா எழுந்து போனதும், அதுவரை அவர் மறைத்திருந்த ஜன்னல் சாஹித்யாவின் திரையில் தெரிந்தது. பழைய டெஸ்ட் ட்யூப் கழுவிக் கவிழ்த்துக் காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் புதுப் பெட்டிக்குள் எறும்புகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

அப்பா திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அவசரப்படுத்தாதீங்கப்பா," என்றாள் சாஹித்யா. "மெதுவாப் போகட்டும். நாளைக்கும் கூப்பிடறேன்."