ஃபேன் இல்லாத பெட்டி

கம்ப்யூட்டரின் அடித்தளத்தில் ஓடும் கெர்னல் புரோகிராம், நடப்பதையெல்லாம் வரிவரியாகப் பதியும் தன் லாக்கைத் திரையில் அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. டிஸ்க், நெட்வொர்க், மெமரி எல்லாம் ஒரே நேரத்தில் புலம்பினால் எந்தப் பிழையைத்தான் பிடிப்பது? புரோகிராமரான அவள் வெறுத்துப்போய் ஒவ்வொன்றுக்கும் கோடில் தனித்தனி ஸ்விட்ச் எழுதினாள். அணைத்தால் வேலை நடக்கும், புலம்பல் மட்டும் வராது.

எல்லாவற்றையும் அணைத்தாள். ஒரு வரி மட்டும் விடாமல் வந்தது: ‘ஃபேன் கழன்று ஆடுகிறது.’

“இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியில ஃபேனே கிடையாதே” என்றாள்.

“அதை விடும்மா, நான் சொல்றதைக் கேளு” என்று பக்கத்து மேசைக்காரர் ஆரம்பித்தார். ஆபீஸில் அவருக்கு ரேடியோ என்று பெயர்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஃபேனுக்கும் ஒரு ஸ்விட்ச் எழுதி அணைத்தாள். வரி நின்றது. காலையிலிருந்து உயிரை வாங்கிய சீலிங் ஃபேனின் கடகடப்பும் நின்றது. காற்று மட்டும் வந்துகொண்டிருந்தது.

அடுத்த வரி வந்தது: ‘ரேடியோ பேசுகிறார்.’

இருந்த எரிச்சலில் யோசிக்காமல் அதையும் அணைத்தாள்.

அப்பாடா என்று நிமிர்ந்தாள். ரேடியோ நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றிருந்தார். அவர் வாய் அகலத் திறந்து திறந்து மூடியது. சத்தமே வரவில்லை. கை மட்டும் அவள் தலைக்கு மேலே எதையோ காட்டிக்கொண்டிருந்தது.